ஏணியை விடுங்கள், ஊசியை விடாதீர்கள்

லண்டன் ஆர்ச்வே சந்தியைச் சுற்றி, ஹைகேற் ஏற்றத்திலும் ஹோலோவே இறக்கத்திலும் தனியாகவோ சோடியாகவோ வீடு காக்கும் அக்காமாருக்கும் மாமிமாருக்கும் வணக்கம். அண்ணாமாரும் வாசிக்கலாம், ஏணி விடயத்தில் அவர்கள்தான் முதற் குற்றவாளிகள்.

வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே ரோட் முருகன் கோயிலில் பூசை முடிந்து, கோட்டும் சப்பாத்தும் தேடுகிற நேரத்தில்தான் எங்கள் வீட்டுக் கதைகள் வெளியே வருகின்றன. ஒருவருக்குப் படுக்கை அறை மூலையில் பூஞ்சணம். ஒருவருக்கு யன்னல் சரியாகப் பூட்டுப்படாமல் இராமுழுக்கக் காற்று. இன்னொருவர், "உந்தத் தையல் மெஷினை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ, இடம்தானே பிடிக்குது" என்று மகன் சொல்லிவிட்டுப் போனதை மெல்லச் சொல்வார். அதற்குள் பஸ் வந்துவிடும். பாதியில் நின்ற அந்தக் கதைகளுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்த மடல்.

வயது போகப் போக வீட்டு வேலையில் எதை விடுவது, எதை வைத்திருப்பது என்பதில் நாங்கள் தலைகீழாக நடக்கிறோம் என்பது என் எண்ணம். கதிரைக்கு மேல் ஸ்ரூல் வைத்து ஏறி லைற் மாற்றுகிறோம். குளியலறைக் கூரையில் கறுத்துப் போன இடத்தை நிமிர்ந்து நின்று உரஞ்சுகிறோம். தையல் மெஷினை மட்டும், "இனி ஆருக்குத் தைக்கப் போறன்" என்று பழைய துவாயால் மூடிவிடுகிறோம். கழுத்தை முறிக்கக்கூடிய வேலை கையில் நிற்கிறது. இருந்த இடத்தில் இருந்து வீட்டையே மாற்றக்கூடிய வேலை மூலைக்குப் போகிறது.

துணிக்கும் எங்கள் சந்திக்கும் பழைய உறவு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஹைகேற் ஹில் அடியில் ஒரு கல்லின் மேல் பூனை இருப்பதைப் பார்க்கிறோமே, அது ரிச்சர்ட் விற்றிங்டனின் பூனை. பூனை கட்டுக்கதை. மனிதர் நிசம், துணி வியாபாரி. பட்டும் வெல்வெற்றும் அரசனுக்கே விற்றுப் பணக்காரராகி, நான்கு தடவை லண்டன் மேயராக இருந்து, 1423இல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. சொத்தைத் தருமத்துக்கு எழுதி வைத்தார். அந்தப் பணத்தில் நடந்த முதியோர் இல்லம் 1820களில் நகரத்துக்குள் இருந்து இங்கே, ஆர்ச்வே ரோட் தொடங்குகிற இடத்துக்கு வந்தது. அதில் இருந்தவர்கள் வயதான பெண்கள். 1960களில் வீதியை அகலமாக்க வேண்டும் என்று அந்தக் கட்டடத்தை எடுத்துவிட்டார்கள். இல்லம் தெற்கே ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் அருகே ஃபெல்பிரிட்ஜுக்குப் போய்விட்டது. நாங்கள் வருவதற்கு வெகு காலம் முந்தியே, துணி விற்ற காசில் வயதான பெண்கள் தங்கள் கதவைத் தாங்களே பூட்டித் திறந்து வாழ்ந்த சந்தி இது. அந்தக் கதவுத் திறப்பு எங்கள் கையிலும் கடைசிவரை இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் மெஷின். சிங்கர் இலங்கையில் கடை திறந்தது 1877இல். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் அது சீதனப் பட்டியலில் ஏறியது என்று உங்களுக்கே தெரியும். உங்களில் சிலர் இங்கே வந்த புதிதில் பழைய மெஷின் ஒன்றை வாங்கி, வீட்டுக்குள் இருந்தே துண்டுக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். அந்தக் கறுப்பு மெஷினின் மொடல் இலக்கத்துக்குப் பின்னால் 'கே' எழுத்து இருந்தால், அது ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் ஊரின் கில்போவி தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. டூட்டிங் பக்கம், பால்ஹாம் ஹை ரோட்டில், இப்படியான மெஷின்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை மகன் "குப்பை" என்றால் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனால் சில எச்சரிக்கைகள். அந்த இரும்பு மெஷின் பத்துக் கிலோவுக்கு மேல் வரும். அலுமாரியின் அடியில் இருந்து தூக்கி மேசையில் வைத்து, முடிந்ததும் திரும்ப இறக்குகிற வேலை எங்கள் முதுகுக்கு ஏலாது. அதற்கென்று ஓர் இடம், யன்னல் ஓரமாக, நிரந்தரமாக இருக்கட்டும். வரவேற்பறையின் வடிவு கெட்டுப் போகும் என்றால் போகட்டும். மற்றது, பழைய மோட்டரின் வயர். அந்தக் காலத்து றப்பர் உறை காய்ந்து வெடித்துவிடும். வெடிப்புக் கண்டால் பிளக்கில் போடவேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்து வயரை மாற்றுங்கள். கையால் சுழற்றுகிற மெஷின் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை. எண்ணெய் விடும்போது மெஷின் எண்ணெய்தான். ஊரில் பழகின பழக்கத்தில் தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதீர்கள். அது 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். லண்டனில் வருடத்தின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு வராது.

இனி ஆருக்குத் தைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு. இத்தனை வருடமும் மகளின் சாமத்தியச் சடங்குக்கும் மருமகளின் சட்டைக்கும் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட நாடகத்துக்கும் தைத்த கை, தன் உடம்புக்கு ஒரு நாளும் அளவு எடுக்கவில்லை. நாற்பது வயதில் வெட்டின அளவுச் சட்டையை வைத்துக்கொண்டு எழுபதிலும் அதே கழுத்து, அதே கை வைத்துத் தைத்துப் போட்டு, கழற்றத் தெரியாமல் தவிக்கிறோம். சட்டைக்கு எப்படியோ வீட்டுக்கும் அப்படித்தான்: இப்போது இருக்கிற உடம்புக்குப் புதிதாக அளவெடுத்து, பிடிக்கிற இடத்தைத் தளர்த்தி, நீளுகிற இடத்தைக் குறுக்கவேண்டும்.

சட்டையிலேயே தொடங்குங்கள். தோள்மூட்டு இறுகிப் போவது சலரோகம் உள்ளவர்களுக்கு அதிகம். எங்கள் சனத்தில் சலரோகம் இல்லாத வீடு குறைவு. அப்படியானவருக்கு முதுகுப் பக்கக் கொக்கி இனி வேண்டாம், முன்பக்கம் திறக்கட்டும். கக்கத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தால் கை தூக்க இடம் கிடைக்கும். விரல் மூட்டு வீங்கினவருக்குச் சின்னக் கொக்கி பெரும் பாடு. கொக்கியை எடுத்துவிட்டு வெல்க்ரோப் பட்டி தையுங்கள். பொத்தானை வெளியே அலங்காரத்துக்கு அப்படியே வைத்துத் தைத்துவிட்டால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உள்பாவாடைக்கு இடுப்பை அறுக்கும் நாடாவுக்குப் பதிலாக அகல எலாஸ்ரிக். கோயிலுக்குச் சீலை உடுக்க ஆசை, ஆனால் நின்று கொய்யகம் வைக்க இடுப்பு ஏலாது என்று ஒருவர் சீலையையே விட்டுவிட்டார். கொய்யகத்தை மடித்துத் தைத்து ஒரு பெல்ற்றில் பொருத்திவிட்டால் கதிரையில் இருந்தபடியே பாதி உடுத்துவிடலாம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இளம் பிள்ளைகள் இதையே கடையில் அதிக காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

சோட்டியின் நீளம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய விடயம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார் என்பது என்.எச்.எஸ். சொல்லும் கணக்கு. இந்தப் பக்கத்து வீடுகள் பலதும் விக்டோரியா காலத்தவை, படி செங்குத்து, ஒடுக்கம். ஒரு கையில் ரீக் கோப்பை, மறு கையில் சோட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கினால், கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கையா இருக்கிறது? ஒவ்வொரு சோட்டியும் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி மடித்துத் தையுங்கள். பக்கத்தில் ஆழமான பொக்கற் ஒன்று வையுங்கள். ரெலிபோன் அதற்குள் இருக்கட்டும். விழுந்தபின் அறைக்கு அப்பால் மேசையில் அடிக்கிற போனால் பயன் இல்லை. நடுக்கூடத்துக் கால்மிதி விளிம்பு மடிந்து நின்றால் அதைத் தைக்கப் பார்க்காதீர்கள், எடுத்து எறியுங்கள்.

தைக்கும்போது நிலத்தில் விழுகிற குண்டூசியைப் பற்றியும் சொல்லவேண்டும். சலரோகத்தால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு ஊசி ஏறினாலும் தெரியாது. புண் பழுத்தபிறகுதான் தெரியவரும். நீளக் கைப்பிடி உள்ள காந்தம் ஒன்று மலிவாக வாங்கலாம். தையல் முடிந்ததும் அதைக் காப்பெற்றின் மேல் ஓட்டி எடுத்துவிட்டுத்தான் எழும்பவேண்டும், அதுவும் சிலிப்பர் போட்டுக்கொண்டு. வெளிச்சத்தில் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள். 60 வயதானால் இங்கே கண் பரிசோதனை இலவசம். அதைச் செய்யாமல் ஊசிக்கண் தெரியவில்லை என்று ஊசியைக் கோபிப்பது நியாயம் இல்லை.

குளிருக்கு வருவோம். வயதானவர் இருக்கும் அறை குறைந்தது 18 பாகையில் இருக்கவேண்டும் என்பது அரசாங்கச் சுகாதாரத் துறையின் ஆலோசனை. பழைய வீடுகளின் வெளிச்சுவர் நடுவில் இடைவெளி இல்லாத தனிச் செங்கல் சுவர். யன்னல் மேலும் கீழும் இழுக்கிற மரச் சட்டம். சூடு இரண்டு வழியாலும் வெளியே போகும். இங்கேதான் பழைய நூல் சீலைகள் உதவுகின்றன. ஐந்தரை மீற்றர்ச் சீலையை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 1.8 மீற்றர் சொச்சம் வரும். மூன்றையும் பக்கவாட்டில் பொருத்தினால் மூன்றரை மீற்றர் அகலம். ஒன்றே கால் மீற்றர் யன்னலுக்குச் சுருக்கு வைத்துக் கொழுவத் தாராளம். அதைத் தனியாகப் போடாதீர்கள். இருக்கிற திரைக்குப் பின்னால் உள்துணியாக, இடையில் பழைய கம்பளியையும் வைத்துத் தையுங்கள். யன்னலுக்குக் கீழே றேடியேற்றர் இருந்தால் திரை யன்னல் தட்டோடு நிற்கவேண்டும். நிலம் வரை தொங்கவிட்டால் காசு கொடுத்து எரிக்கிற சூடு முழுவதும் திரைக்குப் பின்னால் கண்ணாடிக்குத்தான் போகும்.

காற்றை அடைக்கிற ஆர்வத்தில் சுவரில் உள்ள காற்றுத் துவாரத்தில் துணி அடைத்துவிடாதீர்கள். காஸ் எரிகிற வீட்டில் அது உயிருக்கு ஆபத்து. கதவடியில் வைக்கிற நீட்டுத் தலையணையும் நல்லதுதான், வெட்டுத் துண்டுகளை அடைத்து ஒரு மாலைக்குள் தைத்துவிடலாம். ஆனால் இரவில் கழிவறைக்குப் போகிற வழியில் உள்ள கதவுக்கு வேண்டாம்.

பூஞ்சணம் ஏன் வருகிறது என்று கேட்டால் பலரும் பிட்டைக் குற்றம் சொல்கிறார்கள். ஓரளவு உண்மை. 20 பாகைச் சூடும் 60 வீத ஈரப்பதமும் உள்ள அறையில், 12 பாகைக்குக் குளிர்ந்துபோன எந்த இடத்திலும் தண்ணீர் பிடிக்கும். குசினியில் இடியப்பம் அவிய, றேடியேற்றரில் உடுப்புக் காய, அந்த ஈரம் எல்லாம் போய்ப் படிவது வீட்டிலேயே குளிர்ந்த மூலையில். அது பெரும்பாலும் அலுமாரிக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சுவர். அந்த அலுமாரிக்குள்தான் கூறைச்சீலை இருக்கும்! அலுமாரியை உட்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். நீங்களே தள்ளவேண்டாம், பேரன் வரட்டும். கூறையைப் பிளாஸ்ரிக் பையில் வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும், வெள்ளிச் சரிகை கறுக்கும். பழைய வெள்ளைப் பருத்திப் படுக்கை விரிப்பை வெட்டிப் பை தைத்து அதற்குள் வையுங்கள். வருடத்தில் சில தடவை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். பிள்ளைகளை ஏணையில் ஆட்டின பழஞ்சீலை இன்னும் வைத்திருப்பவர் இருந்தால் அதற்கும் இதே முறை.

நெருப்பு விடயம் சிலருக்குத் தெரியாது. குளிர்காலத்தில் தோல் வெடிக்கிறது என்று டொக்டர் தருகிற களிம்பு துணியில் ஊறிக் காய்ந்தால், அந்தத் துணி வெகு வேகமாகத் தீப்பிடிக்கும். கழுவினாலும் முழுவதும் போகாது. மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 டிசம்பரில் இதை வெளிப்படையாக எச்சரித்தது. களிம்பு பூசின கையோடு நைலோன் சோட்டியைப் போட்டுக்கொண்டு விளக்கேற்றப் போகிறோம், காஸ் அடுப்புக்கு மேலால் கை நீட்டுகிறோம். சுவாமி அறைக்கும் குசினிக்கும் என்று ஒடுங்கிய கையுள்ள பருத்திச் சட்டை ஒன்று தனியாகத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் தீயணைப்புப் படை வீட்டுக்கு வந்து பார்த்துப் புகை அலாரம் பூட்டித் தருகிறது. காசு இல்லை.

இவ்வளவும் ஊசியின் வேலை. ஏணியின் வேலைகளை இனி மற்றவர் செய்யவேண்டும். அவற்றில் பலதை இலவசமாகச் செய்துதர வேண்டிய கடமையே சிலருக்கு இருக்கிறது. கேட்பதுதான் எங்களுக்கு வராது. "ஏன் அவங்களுக்குக் கரைச்சல் குடுப்பான்" என்று வாளியை ஒழுக்கின் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருப்போம்.

வாடகை வீடு என்றால், 1985ஆம் ஆண்டின் வீட்டுச் சொந்தக்காரர், குடியிருப்பாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி கட்டடம், வெளிப்புறம், தண்ணீர்க் குழாய், சூடாக்கும் சாதனம் எல்லாவற்றையும் திருத்துவது வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. கவுன்சில் வீட்டிலும் வீடமைப்புச் சங்க வீட்டிலும் இருப்பவருக்கு 2025 ஒக்ரோபர் 27 முதல் இன்னும் பலமான சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. றொச்டேலில் பூஞ்சணம் நிறைந்த வீட்டில் இருந்து 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரால் வந்த சட்டம். ஈரமும் பூஞ்சணமும் கடுமையாக இருக்கிறது என்று நீங்கள் அறிவித்தால் 10 வேலை நாட்களுக்குள் வந்து ஆராயவேண்டும். ஆராய்ந்து முடித்து 3 வேலை நாட்களுக்குள் கண்டதை எழுத்தில் தரவேண்டும். 5 வேலை நாட்களுக்குள் ஆபத்தை நீக்கவேண்டும். உயிராபத்தான நிலை என்றால் 24 மணித்தியாலம். அந்தக் குழந்தையின் குடும்பத்து வாழ்க்கை முறைதான் பூஞ்சணத்துக்குக் காரணம் என்று தாங்கள் ஊகித்தது பிழை என்று அந்த வீட்டு நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. "நீங்கள் சமைக்கிற சமையல்தான்" என்று யாராவது உங்களுக்கும் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். யன்னலைத் திறந்து துடைப்பது எங்கள் வேலை. ஒழுகுகிற கூரையும் கசிகிற குழாயும் எங்கள் பிட்டால் வந்தவை அல்ல.

தனியார் வீட்டில் இருப்பவர் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கலாம். எந்தக் கவுன்சில் என்பதில் எங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆர்ச்வே சந்தி இஸ்லிங்டன். மேற்கே கொஞ்சம் நடந்தால் கம்டன். ஏற்றம் ஏறி முருகனிடம் போனால் ஹறிங்கே. பக்கத்து வீட்டாருக்குக் கிடைத்த உதவி உங்களுக்குக் கிடைக்காமல் போவதற்கு எல்லைக்கோடு காரணமாக இருக்கலாம். கவுன்சில் வரித் துண்டில் இருக்கும் பெயரைப் பார்த்து அங்கே கேளுங்கள். குளியலறைக் கைப்பிடி, படிக்குக் கூடுதல் கைப்பிடி போன்ற, 1,000 பவுண்டுக்குள் அடங்குகிற சிறு மாற்றங்கள் தேவை என்று மதிப்பிட்டால் மூன்று கவுன்சிலும் இலவசமாகச் செய்யவேண்டும். உடுக்க, குளிக்க உதவி தேவைப்படும் அளவுக்கு வந்துவிட்டவர், வருமானம் எவ்வளவு என்றாலும், அற்றெண்டன்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பென்சன் கிரெடிற்றை மூன்று மாதம் பின்னோக்கியும் கேட்கலாம். இவை பிச்சை அல்ல. நீங்களும் உங்கள் மனிசன்மாரும் பெற்றோல் ஸ்ரேசனிலும் தையல் மேசையிலும் நின்று கட்டின வரி.

பிள்ளைகளுக்கும் இரண்டு வரி. அம்மாவுக்குப் பிறந்தநாளுக்கு இன்னொரு சீலை வேண்டாம். வந்து நிற்கிற அரை நாளில் தண்ணீரை முழுவதும் நிறுத்துகிற கட்டை எங்கே என்று காட்டி, இறுகி இருந்தால் தளர்த்தி வைத்துவிட்டுப் போங்கள். லைற்றுகளை எல்லாம் ஒரே நாளில் நீண்டகாலம் எரிகிறவையாக மாற்றிவிடுங்கள். பொயிலரின் அழுத்தமுள்ளு எங்கே நிற்கவேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மெஷினைக் கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அக்காமாரே, இந்தக் கிழமை இரண்டு வேலை செய்யுங்கள். மிக நீளமான சோட்டியை எடுத்து மடித்துத் தையுங்கள். வீட்டில் எது ஒழுகுகிறதோ, எது கறுக்கிறதோ அதைப் படம் எடுத்து, வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதமாக எழுதுங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வாருங்கள், பூசைக்குப் பிறகு இருந்து எழுதித் தருகிறேன். திகதி போட மறக்காதீர்கள்; ஒரு பிரதியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆர்ச்வேயில் இருந்து உங்களில் ஒருத்தி